சப்வூஃபர் அதிர்கிறதா?

கேள்வி: ஹோம் தியேட்டரில் படம் பார்த்தால் சண்டைக் காட்சியில் ஜன்னல் கண்ணாடி கடகடக்கிறது. சப்வூஃபர் சத்தத்தைக் குறைத்தால் படம் சப்பென்று இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: சப்வூஃபரை மூலையில் வைத்திருந்தால் முதலில் நகர்த்துங்கள். சுவர்கள் சேரும் இடத்தில் பாஸ் பெருகி, இரைச்சலாகும். நீங்கள் உட்காரும் இடத்தில் அதை வைத்து, பாஸ் நிறைந்த பாட்டை ஓடவிட்டு, அறை முழுக்கக் குனிந்து கேட்டுப் பாருங்கள். பாஸ் சீராகக் கேட்கும் இடமே அதற்கு ஏற்ற இடம்.

பிறகு ரிசீவரில் கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். சோதனை ஒலியை ஓடவிட்டு, மற்ற ஸ்பீக்கர்களின் அளவுக்குச் சப்வூஃபரைக் கொண்டுவாருங்கள். அதன் பிறகும் ஆண் குரல் அதிலிருந்து வருவதுபோல் தோன்றினால், கொஞ்சம் குறையுங்கள்.

இரவில் 'நைட் மோட்' போடுங்கள். வெடிச்சத்தம் அடங்கும், வசனம் தெளிவாகக் கேட்கும். பாஸ் சுவரையும் தளத்தையும் தாண்டிப் போகும். கீழ்வீட்டாரின் தூக்கமும் முக்கியம்.