ஒளிபரப்புப் பிணையமும் சராசரிக் கணக்கும்

1959-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் தில்லியில் தொலைக்காட்சி ஒளிபரப்பு சோதனை முறையில் தொடங்கப்பட்ட காலந்தொட்டு, நிலையங்களின் உட்புறத்தில் ஒரு விதி நெடுங்காலம் மாறாதிருந்தது: ஒரு படத்திற்கு ஒரு கம்பி. காமிராவிலிருந்து கட்டுப்பாட்டறைக்குச் செல்லும் கம்பியில் அந்தப் படத்தைத் தவிர வேறெதுவும் செல்லாது. 1982-இல் வண்ணம் வந்தது. பின்னர் டிஜிட்டல் முறையும் வந்தது. அப்போதும் இவ்விதி நீடித்தது. கம்பி தனியுரிமையாக இருந்தமையால் நெரிசல் என்ற பேச்சுக்கே இடமில்லாதிருந்தது.

2017-இல் வெளியிடப்பட்ட எஸ்.எம்.பி.டி.இ. 2110 என்னும் தர வரையறை இந்நிலையை மாற்றியது. இதன்படி படம் சிறு சிறு தகவல் பொட்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, அலுவலகக் கணினிகளை இணைக்கும் அதே வகை ஈதர்நெட் பிணையத்தில் அனுப்பப்படுகிறது. ஓர் இழையில் பல படங்கள் செல்லலாம்; பொதுச் சந்தையில் கிடைக்கும் சுவிட்சுகளையும் கணினிகளையும் பயன்படுத்தலாம். சிக்கனம் உண்மையானதே. ஆனால், தனிப்பாதை பொதுச்சாலையாகிவிட்டது என்பதை மறத்தலாகாது.

ஆகாசவாணி, தூர்தர்ஷன் ஆகியவற்றின் அடிப்படை வசதிகளை விரிவாக்கி நவீனப்படுத்த, 2023 ஜனவரியில் மத்திய அமைச்சரவை 2,539.61 கோடி ரூபாய்த் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. ஒளிபரப்பு முதலீட்டின் அளவை இது உணர்த்தும். எந்த நிலையம் எம்முறையைத் தேர்ந்தாலும், காமிராவின் விலையும் சுவிட்சின் விலையும் ஒப்பந்தப்புள்ளியில் தெளிவாகத் தெரியும். நெட்வொர்க் கார்டு எனப் பொறியாளர் அழைக்கும் பிணைய அட்டையை எவ்வாறு அமைக்க வேண்டும் என்பதோ பெரும்பாலும் எந்த வரியிலும் இடம்பெறுவதில்லை. முதலீட்டின் பயன் கணிசமாக அதைப் பொறுத்தே அமைகிறது.

எத்துணைச் சுமை?

உயர்தெளிவுப் படத்தின் ஒரு சட்டகத்தில் 1,920 பெருக்கல் 1,080 புள்ளிகள் உள்ளன. தொழில்முறை ஒளிபரப்பில் ஒரு புள்ளிக்கு 20 பிட் எனக் கொண்டால், நொடிக்கு 50 முழுச் சட்டகங்களுக்குச் சுமார் 207 கோடி பிட் தேவை. பழைய பாணியில் 25 சட்டகங்கள் மட்டுமே எனினும் ஏறத்தாழ 104 கோடி. சாதாரணக் கணினியிலுள்ள ஒரு கிகாபிட் அட்டையின் கொள்திறன் 100 கோடிதான். ஆகவே, சுருக்கப்படாத ஒரு படத்தைக்கூட அது ஏற்க இயலாது. 10 கிகாபிட் அட்டை தேவை; அதில், பொட்டலங்களின் முகவரித் தலைப்புகளையும் சேர்த்து ஒன்றுக்கு ஏறத்தாழ 220 கோடி வீதம் நான்கு படங்கள் அடங்கும்.

காகிதத்தில் அடங்கும் என்று சொல்வதே பொருந்தும். மேற்கண்டவை யாவும் சராசரிகள். ஆண்டின் மழையளவு இயல்பாகவே இருக்கலாம். அது நான்கு நாட்களில் கொட்டித் தீர்த்தால் ஏரியும் உடையும், பின்னர் பயிரும் காயும். பிணையத்திலும் அவ்வாறே. ஒரு சட்டகத்தின் பொட்டலங்களைச் சீராக அனுப்ப 20 மில்லி நொடி அவகாசம் உண்டு. பொதுப்பயன் கணினியோ, தடுப்பாரில்லையெனில், அவை அனைத்தையும் 10 கிகாபிட் வேகத்தில் ஐந்து மில்லி நொடிக்குள் கொட்டிவிட்டு மீதி நேரம் வாளாவிருக்கும். இரு கணினிகள் ஒரே நேரத்தில் அவ்வாறு செய்து, இரண்டும் சுவிட்சின் ஒரே வாயிலை நாடினால், சராசரி பாதியளவே இருப்பினும் பொட்டலங்கள் சிந்தக்கூடும். இந்தத் தரத்தில் சிந்திய பொட்டலத்தைத் திரும்பக் கேட்கும் வழக்கமில்லை. திரையில் கீறலாகவோ துடிப்பாகவோ அது தோன்றும். ஆதலின், அனுப்பும் அட்டை பொட்டலங்களைத் தானே இடைவெளியிட்டு அனுப்பும் திறனுள்ளதா என்பதை வாங்குமுன் கேட்டறிய வேண்டும்.

பெறும் பக்கம்

ஒரு வரிக்கு 4 பொட்டலங்கள் என வைத்துக்கொண்டால் சட்டகத்திற்கு 4,320, நொடிக்கு 2,16,000. வந்தவற்றைக் கணினி எடுத்துக்கொள்ளும்வரை அட்டை அவற்றை ஒரு காத்திருப்பு வரிசையில் வைக்கிறது. பல அட்டைகளில் தொழிற்சாலை அமைப்பின்படி இதில் 512 இடங்களே உண்டு. கணினி வேறு பணியில் 2.4 மில்லி நொடி கவனம் சிதறினாலே அது நிரம்பிவிடும். அதே அட்டையில் 4,096 வரை உயர்த்த வழியிருப்பின், கிடைக்கும் அவகாசம் சுமார் 19 மில்லி நொடியாகும். இம்மாற்றத்திற்கு ஒரு ரூபாய் கூடச் செலவில்லை. இது தெரியாமல் 25 கிகாபிட் அட்டை வாங்கியும் கோளாறு தொடர்வது, நிர்வாகங்களில் காணப்படும் வீண்செலவுகளுள் ஒன்று.

ஒவ்வொரு பொட்டலத்திற்கும் கணினியை எழுப்பாமல், சில சேர்ந்தபின் எழுப்பும் முறையும் அட்டையில் உண்டு. அதை மிகுத்தால் தாமதமும் கொத்தாக வரும் போக்கும் கூடும். அறவே நீக்கினால் கணினி ஓயாது எழுந்து திணறும். இதற்குப் பொதுவான எண் இல்லை; அந்தந்த நிலையத்திலேயே சோதித்து அறிய வேண்டும். மின்சிக்கன ஏற்பாடுகளோ ஐயத்திற்கு இடமின்றி நிறுத்தப்பட வேண்டியவை. உறங்கிய செயலி விழிப்பதற்குள் வரிசை வளர்ந்துவிடும். பெரிய பொட்டலங்களை அனுமதிக்கும் 'ஜம்போ' அமைப்பு, தொழிற்சாலைகளின் ஆய்வுக் காமிராக்களுக்குப் பயன்படுவது. 2110 பொட்டலங்கள் வழக்கமாக 1,500 பைட் எல்லைக்குள் அடங்குபவை என்பதால் இங்கு அதனால் ஆதாயமில்லை.

படமும் ஒலியும் தனித்தனியே பயணம் செய்வதால், எல்லாக் கருவிகளும் ஒரே கடிகாரத்தைப் பின்பற்றுதல் இன்றியமையாதது. இதற்கான பி.டி.பி. முறையில் நேரமுத்திரையை அட்டையின் வன்பொருளே இட வேண்டும். மென்பொருள் இட்டால் அது கணினியின் வேலைப்பளுவிற்கேற்பத் தள்ளாடும்.

காப்பு ஏற்பாடாக ஒரே படத்தை இரு பிணையங்களில் அனுப்பி, ஒன்றில் சிந்தியதை மற்றதிலிருந்து நிரப்பும் முறை வழக்கில் உள்ளது. இரு வாயில்கள் கொண்ட ஒரே அட்டையில் இரண்டையும் இணைத்துவிட்டு, இரட்டைக் காப்பு என்று ஆவணத்தில் எழுதிவிடுவது எளிது. கம்பியோ சுவிட்சோ பழுதானால் அது காக்கும். அட்டை பழுதானால் இரண்டும் போகும். நேரலைக்கு உரிய கணினிகளிலாவது இரண்டு அட்டைகள் இருத்தல் தகும்.

இயங்கு தளமே அட்டை சிந்திய பொட்டலங்களை எண்ணிக் காட்டுகிறது. கருவிகளை ஏற்றுக்கொள்ளும் நாளில், முழுச் சுமையுடன் குறைந்தது ஒரு நாள் ஓடவிட்டு, அந்த எண்ணைச் சான்றிதழில் பதியச் செய்யலாம். அட்டையின் அமைப்பு விவரங்களும் அதனுடன் இணைக்கப்பட வேண்டும். ஏனெனில், பின்னொரு நாளில் இயங்கு தளமோ அட்டையின் இயக்கு மென்பொருளோ புதுப்பிக்கப்படும்போது, 4,096 மீண்டும் 512 ஆகிவிடக்கூடும்.