வளையம் போட்டதும் சோட் ஆகிறது

கேள்வி: மல்லாவியில் இருந்து எழுதுகிறேன். கனடாவில் உள்ள மைத்துனர் அனுப்பிய விளையாட்டு ரயிலை வைத்து, மகனும் நானும் பிளைவூட் பலகையில் மாங்குளம் ஸ்ரேசனைச் செய்தோம். 2013இல் மாங்குளத்துக்கு மறுபடி ரயில் வந்த கதையை அவனுக்கு அடிக்கடி சொல்வேன். நேர்ப்பாதையில் நன்றாக ஓடியது. போன ரயில் திரும்பி வரட்டும் என்று நுனியில் ஒரு வளையம் போட்டோம். அன்றில் இருந்து சுவிச்சைப் போட்டவுடன் கண்ட்ரோலர் நின்றுவிடுகிறது. எஞ்சினைத் தூக்கிவிட்டாலும் அதே கதைதான்.

பதில்: எஞ்சின் இல்லாமலும் நிற்கிறது என்று எழுதினீர்களே, பாதி வேலை அதிலேயே முடிந்தது. எஞ்சினில் பிழை இல்லை. இடது தண்டவாளத்தில் விரலை வைத்து வளையத்தைச் சுற்றி வாருங்கள். விரல் வலது தண்டவாளத்தில் வந்து முடியும். பிளஸ்ஸும் மைனஸும் அங்கே கைகோத்துவிட்டன. இது வயர் பிழையல்ல, பாதையின் வடிவம் செய்த வேலை.

வெட்டத்தான் வேண்டும். பாதை பிரியும் பொயின்ற்றைத் தாண்டி, வளையத்தின் இரு முனைகளிலும் இரண்டு தண்டவாளங்களையும் வெட்டுங்கள். மொத்தம் நாலு வெட்டு. தகரக் கூரையின் கீழ் வெயிலில் தண்டவாளம் நீண்டு இடைவெளி மூடிக்கொள்ளும், ஆகவே ஒவ்வொன்றிலும் ஒரு பிளாஸ்ரிக் துண்டைச் செருகி ஒட்டிவிடுங்கள். வெட்டுகளுக்கு இடைப்பட்ட பகுதி முழு ரயிலையும்விட நீளமாக இருக்கட்டும்.

இனி வளையத்துக்குக் கண்ட்ரோலரில் இருந்து நேரே வயர் கொடுங்கள். நேர்ப்பாதைக்குப் போகும் வயரை மட்டும் பிளஸ் மைனஸ் மாற்றும் ஆறு கால் சுவிச் வழியாக விடுங்கள். ரயில் வளையத்துக்குள் முழுதாக நுழைந்ததும் பொயின்ற்றையும் சுவிச்சையும் மாற்றினால் தடையின்றி வெளியே வரும். மறந்தால் வாசலில் மறுபடி சோட். அந்தப் பொறுப்பை மகனிடம் கொடுங்கள், பெரியவர்கள்தான் மறப்பது.

மெய்யான ரயிலின் இரும்புச் சில்லுகள் ஏன் சோட் ஆவதில்லை என்று அவன் கேட்கக்கூடும். சோட் ஆவதையே அங்கே பயன்படுத்துகிறார்கள்! வில்லியம் றொபின்சன் 1872இல் காப்புரிமை பெற்ற முறையில், தண்டவாளத்தில் ஓடும் சிறு மின்னோட்டத்தைச் சில்லுகள் சோட் செய்யும்போதுதான் சிக்னல் சிவப்பாகும். உங்கள் பெட்டிகளில் சில்லுக்கும் அச்சுக்கும் நடுவே பிளாஸ்ரிக் வைத்திருப்பது அதைத் தடுக்கவே.

வெட்டிய பிறகும் நின்றால், மோட்டார் சைக்கிள் சிக்னலின் 12 வோல்ற் பல்ப் ஒன்றைக் கண்ட்ரோலர் வயர் ஒன்றின் நடுவே தொடுத்துவிடுங்கள். சோட் இருக்கும்வரை பல்ப் பிரகாசமாக எரியும். வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது அணைகிறதோ, அந்தப் பக்கம் ஆணியையோ செப்புத் தும்பையோ தேடுங்கள். 230 வோல்ற் வரும் அடப்டரை மட்டும் திறக்காதீர்கள்.