கோயில் நூலும் பட்டுச்சேலைப் பட்டியலும்: பக்க வடிவமைப்பு மென்பொருள் பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

காஞ்சிபுரத்தில் தலவரலாறு, பிரபந்த வியாக்கியானம், கூட்டுறவுச் சங்கத்தின் பட்டுச்சேலைப் பட்டியல் போன்ற சிறுநூல்களை ஆஃப்செட்டில் அச்சிட முற்படுவோரிடம், தமிழுக்குப் பேஜ்மேக்கரே உகந்தது என்னும் டிடிபி எனப்படும் கணினி அச்சுக்கோப்பு வட்டாரத்துப் பழைய நம்பிக்கை இன்னும் செல்வாக்கோடு இருக்கிறது. 1985இல் ஆல்டஸ் நிறுவனம் வெளியிட்ட அம்மென்பொருளே பக்க வடிவமைப்பைக் கணினியில் பரவலாக்கியது என்பது மெய்யே. ஆயினும் 2001இல் வந்த 7.0 பதிப்போடு அதன் வளர்ச்சி நின்றுவிட்டது, உலக மொழிகளின் எழுத்துகளுக்குத் தனித்தனி எண் வழங்கும் ஒருங்குறியையும் அது அறியாது. பாமினி முதலான பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களை அமர்த்தியதாலேயே அதில் தமிழ் தெரிந்தது. பாமினியில் சிறிய ‘எம்’ இருக்கும் இடத்தில் ‘அ’ நிற்பதால், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் ‘அம்மன்’ பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவையாகிவிடுகிறது.

இதற்கு மாறாக, புதிய மென்பொருள் எதுவாயினும் தமிழ் தானே சரியாக வரும் என்பதும் பிழையே. ஒருங்குறியில் ‘கோ’ என்பது ககரமும் ஓகாரக் குறியுமாகச் சேமிக்கப்படுகிறது. திரையில் அக்குறியின் ஒரு பகுதியை எழுத்துக்கு முன்னும் மறுபகுதியைப் பின்னும் நிறுத்துவது மென்பொருளின் பொறுப்பு. இன்டிசைன் என்னும் பக்க வடிவமைப்பு மென்பொருளில் இதற்கான வேர்ல்டு-ரெடி கம்போசர் என்னும் அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிடில் ‘கோயில்’ சிதைந்து அச்சேறக்கூடும்.

விலை கொடுத்து வாங்கியதே அச்சுக்குத் தகும் என்பது மற்றொரு நம்பிக்கை. கட்டணமின்றிக் கிடைக்கும் ஸ்கிரைபஸ், அச்சகத்துக்குரிய பிடிஎஃப் வடிவத்தையும் நான்கு மையாகப் பிரித்த நிறங்களையும் தருகிறது. சிக்கலான எழுத்துகளைக் கோக்கும் திறன் 2024இல் வந்த அதன் 1.6 நிலைப்பதிப்பிலும் உண்டு. வைணவ உரைகளின் மணிப்பிரவாளத்துக்கு, அதாவது தமிழும் வடமொழியும் கலந்த நடைக்கு, வடமொழிப் பகுதிகளை எழுதும் கிரந்த எழுத்தும் வேண்டுமெனில் மென்பொருளுக்கான சோதனை இன்னும் கடினமாகிறது. கிரந்தம் ஒருங்குறியில் இடம்பெற்றதே 2014இல்தான். ஆகவே கூட்டெழுத்துகள் மிகுந்த ஒரு பக்கத்தைக் கோத்து, தாளில் எடுத்துப் பார்த்த பின்னரே மென்பொருளை முடிவுசெய்வது தகும்; விளம்பரத்தை நம்பி முடிவுசெய்வது பெரும்பாலும் வீண்செலவு.

திரையில் தெரியும் நிறமே தாளிலும் வரும் என்னும் எண்ணம் பட்டுப் பட்டியல்களை அதிகம் கெடுக்கிறது. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு மையால் காட்டுகிறது. எனவே மயில்கழுத்து நிறம் நான்கு மைகளில் மங்கிப்போகலாம், ஜரிகையோ பழுப்பு கலந்த மஞ்சளாகவே நின்றுவிடும். ஜரிகையின் பளபளப்பு வேண்டுமெனில் ஐந்தாவதாக ஓர் உலோக மையும் அதற்கெனத் தனி பிளேட்டும் தேவை. அந்நிறத்தை நான்கு மையில் கரைத்துவிடாமல் தனி நிறமாகவே பிடிஎஃப்பில் ஒப்படைக்கும் வசதி மென்பொருளில் இருக்கவேண்டும். வேர்டுக்கு அது இயலாது.

பக்கங்களை அச்சு வரிசைப்படி அடுக்கித் தருவதும் வடிவமைப்பவரின் வேலை என்று சிலர் கருதுகின்றனர். ஆனால் பாரம் கட்டுதல் எனப்படும் அவ்வேலை அச்சகத்தின் பணி. நடுவில் பின் அடிக்கும் நூலின் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபடவேண்டும் என்பதையும், ஓரம்வரை செல்லும் படங்கள் வெட்டுக்கோட்டுக்கு வெளியே 3 மி.மீ. நீளவேண்டும் என்பதையும் கவனித்து, பக்கங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஒப்படைத்தால் போதும்.