சந்தை விலையும் நோயாளியின் கட்டிலும்



ஒரே ஜில்லாவில், ஏறக்குறைய ஒரே காலத்தில் நடந்த இரண்டு காரியங்களை இந்த வாரப் பாடமாக எடுத்துக்கொள்வோம். ஒன்று மீன் விற்பதைப் பற்றியது. மற்றொன்று நோயாளியைப் பராமரிப்பதைப் பற்றியது. இவ்விரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். கடைசிமட்டும் பொறுமையாய் வாசியுங்கள். சம்பந்தம் தானே விளங்கும்.

1. கரைக்கு எட்டாத செய்தி

கேரளக் கடற்கரையில், கோழிக்கோட்டுக்கு வடக்கே வடகரை என்றோர் ஊர் உண்டு. 1997-ம் ஆண்டு சனவரி 14-ந் தேதி காலையில், மத்தி மீனோடு கரை சேர்ந்த மீனவர் 11 பேருக்கு அங்கே வாங்க ஆள் கிடைக்கவில்லை. மத்தியோ சீக்கிரம் கெடுகிற மீன். வேறு துறைக்குப் படகைத் திருப்பினால் எண்ணெய்ச் செலவு. அங்கேயும் ஆள் இருக்குமோ இராதோ தெரியாது. ஆகவே பாடுபட்டுப் பிடித்ததை வீணாய்க் கொட்டிவிட்டார்கள். அதே வேளையில், 15 கிலோமீட்டருக்குள் இருந்த மற்றச் சந்தைகளில் 27 வியாபாரிகள் மீன் கிடைக்காமல் வெறுங்கையாய்த் திரும்ப இருந்தார்கள்!

1997 முதல் 2001-க்குள் அந்தக் கரையோரமெங்கும் கைபேசிக் கோபுரங்கள் எழும்பின. கரையிலிருந்து 20, 25 கிலோமீட்டர் தூரத்திலும் பேச முடிந்தது. மீனவர் கடலிலிருந்தபடியே துறை துறையாய் விலை விசாரித்து, தேவையுள்ள இடத்துக்குப் படகைச் செலுத்தினார்கள். இதை வாரந்தோறும் கணக்கெடுத்து ஆராய்ந்த ராபர்ட் ஜென்சன் என்னும் பொருளாதார அறிஞர் 2007-ல் தம் முடிவை வெளியிட்டார். முன்பு பிடித்த மீனில் நூற்றுக்கு 5 முதல் 8 பங்கு வீணாயிற்று. பின்பு அந்த வீண் அநேகமாய் நின்றுபோயிற்று. மீனவரின் லாபம் நூற்றுக்கு 8 கூடிற்று. வாங்கிச் சாப்பிடுகிறவர்களுக்கு விலை நூற்றுக்கு 4 குறைந்தது.

கவனியுங்கள். கடல் அதே கடல். மீன் அதே மீன். வாங்குகிறவர்களும் முன்பே இருந்தவர்கள்தான். குறைவாயிருந்தது ஒன்றே ஒன்று: தேவையுள்ளவன் இன்ன இடத்தில் இருக்கிறான் என்ற செய்தி.

2. கட்டிலுக்கு எட்டாத உதவி

இப்போது கடற்கரையை விட்டு வீட்டுக்குள் வருவோம். புற்றுநோயின் கொடிய வலியைத் தணிக்க மார்பீன் என்னும் மருந்து உண்டு. அது அபினியிலிருந்து எடுக்கப்படுவது. மத்தியப் பிரதேசம், இராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாகாணங்களில் அரசாங்க அனுமதியோடு அபினி பயிராகிறது. பிற நாட்டு மருந்துச் சாலைகளுக்கும் போகிறது. ஆயினும் போதைப்பொருளை அடக்க வந்த 1985-ம் ஆண்டுச் சட்டத்தின் கெடுபிடியினால், நம் நாட்டு நோயாளிகளுக்கு அது கிடைப்பது அரிதாயிற்று. விளைகிற நாட்டிலேயே ஏழை நோயாளி இரவெல்லாம் முனகினான். 2014-ல்தான் அச்சட்டம் திருத்தப்பட்டு வழி இலகுவாயிற்று.

இந்நிலையில் 1993-ல், கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் இராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் நண்பர்களோடு சேர்ந்து, வலி தணிப்புக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். சீக்கிரத்தில் ஓர் உண்மை தெரிந்தது: மிகவும் வருந்துகிறவன் ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவன். ஆகையால் அந்தந்த ஊர் மக்களே பயிற்சி பெற்று, அண்டை வீடுகளில் படுத்திருப்போரைத் தேடிப் போனார்கள். மாணவர், குடும்பப் பெண்கள், கூலி வேலை செய்கிறவர், ஆட்டோ ஓட்டுகிறவர் எனப் பலரும் சேர்ந்தார்கள். சிறு சிறு காசாய்ச் செலவுக்குச் சேகரித்தார்கள். 2008-ல் கேரள அரசாங்கமும் இதைத் தன் சுகாதாரக் கொள்கையில் ஏற்றுக்கொண்டது.

மருந்து முன்பே இருந்தது; நல்ல மனமுள்ள அயலாரும் முன்பே இருந்தார்கள். இன்ன வீட்டில் இன்னார் வருந்துகிறார் என்ற செய்திதான் போய்ச் சேரவேண்டியிருந்தது.

3. வலி சரீரத்தில் மாத்திரமா?

சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் இங்கிலாந்து தேசத்தவர். முதலில் தாதியாயிருந்து பிறகு வைத்தியரானவர். 1967-ல் இலண்டன் மாநகரில் அர்ச். கிறிஸ்தோபர் பெயரால் ஓர் இல்லம் நிறுவினார். நோயாளியின் வலி நாலு வகை என்று அவர் கற்பித்தார்: சரீர வலி; மனக் கலக்கம்; குடும்பம், பணம் முதலியவற்றைப் பற்றிய கவலை; ஆத்தும வேதனை. ஒன்றை விட்டு மற்றொன்றைத் தீர்க்க முடியாது. உலகச் சுகாதார ஸ்தாபனமும் 2002-ல் இதே கருத்தை ஏற்றது.

ஒரு தாயார் படுத்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். மாத்திரையால் முதுகு வலி தணிகிறது, தூக்கமோ வரவில்லை. ஏன்? பத்து வருஷமாய்ப் பேசாத தம்பியின் நினைவு. அந்த வலிக்கு எந்த மருந்துக் கடையிலும் மருந்து இல்லை. தம்பி வந்து கையைப் பிடித்தால் தீரும்.

4. இரண்டு தப்பெண்ணங்கள்

முதலாவது, “வலியைப் பொறுப்பதே புண்ணியம், மருந்தினால் தணிப்பது விசுவாசக் குறைவு” என்பது. இது தவறு. 1957-ம் ஆண்டு பெப்ருவரி 24-ந் தேதி பாப்பரசர் 12-ம் பத்திநாதர், மயக்க மருந்து வைத்தியர்களுக்குச் செய்த உரையில் இதைத் தெளிவாக்கினார். வேறு வழியில்லாதபோது கடும் வலிக்கு இவ்வகை மருந்து கொடுப்பது ஆகும். நோயாளி தன் ஞானக் கடமைகளையும் குடும்பக் கடமைகளையும் செய்யத் தடையாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நல்ல சமாரித்தன் காயத்துக்கு முதலில் எண்ணெயும் திராட்ச இரசமும் வார்த்தான், பிரசங்கம் செய்யவில்லை.

இரண்டாவது, “சாமியாரை அழைத்தால் நோயாளி பயந்துவிடுவார், கடைசி நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம்” என்பது. அவஸ்தைப்பூசுதல் என்று வழங்கிவந்த தேவதிரவிய அனுமானத்துக்கு, நோயில் பூசுதல் என்ற பெயரே அதிகப் பொருத்தம் என்று வத்திக்கான் சங்கம் 1963-ல் உரைத்தது. அது சாகிற நிமிஷத்துக்கு மாத்திரம் உரியதன்று. நோயாளி அறிவோடிருந்து, தானும் சேர்ந்து செபிக்கக்கூடிய வேளையில் அழைப்பதே அவருக்குச் செய்யும் உபகாரம்.

5. வீட்டில் பேசிப் பார்க்க

வினா: ஆத்தும உதவி செய்ய நமக்குப் படிப்பு வேண்டாமா?
விடை: வேண்டாம். ஒலிவத் தோட்டத்தில் சேசுநாதர் சுவாமி தம் சீஷரிடம் கேட்டது தம்மோடு விழித்திருப்பதை மாத்திரமே. அருகே உட்காருங்கள், அவர் பேசினால் கேளுங்கள், பேசாவிட்டால் மௌனமாயிருங்கள். “எல்லாம் சரியாய்ப் போய்விடும்” என்று பொய் ஆறுதல் சொல்லவேண்டாம்.

வினா: வலி கடுமையானால் என்ன செய்வது?
விடை: வலி தணிப்புச் சிகிச்சை கிடைக்கும் இடத்தை வைத்தியரிடம் கேட்டறியுங்கள். கொடுத்த மருந்தை, வலி மிஞ்சும்வரை காத்திராமல், சொன்ன நேரத்துக்குத் தவறாமல் கொடுங்கள்.

வினா: கைபேசியால் இதற்கு என்ன பயன்?
விடை: தக்காளி விலையையும் மீன் விலையையும் நாள் தவறாமல் விசாரிக்கிறோம், அது பிழைப்புக்கு வேண்டியதே. அதே கைபேசியில், படுத்திருக்கும் பெரியம்மாவை விசாரிக்க எவ்வளவு நேரமாகும்? விசாரித்ததோடு நில்லாமல், அவருக்கு வேண்டியதை உரியவர்களுக்கும் அறிவியுங்கள்.

வடகரையில் வாங்குகிறவன் பக்கத்திலேயே இருந்தும் மீன் வீணாயிற்று. நம் தெருவில் அன்பு பக்கத்திலேயே இருந்தும் ஒருவர் தனிமையில் வருந்திச் சாக விடலாமா? வருகிற ஞாயிறு பூசைக்கு முன், உங்கள் தெருவில் படுத்திருப்பவர் யார் யார் என்று குடும்பமாய் உட்கார்ந்து எண்ணுங்கள். ஒருவரையாவது நேரில் போய்ப் பாருங்கள். அவர் பெயரையும் தேவையையும் பங்குச் சுவாமியாரிடம் தெரிவியுங்கள்.