ஒளியைத் தேடி ஓடும் சூரிய வண்டி

சேர்வராயன் மலையில் சூரிய சக்தி பம்ப்செட் அமைக்க எண்ணும் சிறு காப்பி விவசாயிகள், பணம் கட்டுமுன் கவனிக்க வேண்டியது நிழல். நிழல் எவ்வளவு கெடுக்கும் என்பதை வீட்டுப் பிள்ளைகள் செய்யும் ஒரு பொம்மை வண்டியே காட்டிவிடும்.

இத்தகைய வண்டி புதிதல்ல. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரில் கிரே வால்டர் என்ற விஞ்ஞானி 1948-49-இல் ஆமை போன்ற இரு எந்திரங்களைச் செய்தார். எல்மர், எல்சி என்று பெயரிடப்பட்ட அவை விளக்கொளியை நோக்கித் தாமே ஊர்ந்தன. அவற்றுக்குப் பேட்டரி தேவைப்பட்டது. இந்த வண்டிக்கு அதுவும் வேண்டியதில்லை.

6 வோல்ட், 2 வாட் அளவுள்ள சிறு சூரியத் தகடுகள் இரண்டும், பொம்மைக் கார்களுக்கான பல்சக்கர மோட்டார்கள் சக்கரத்துடன் இரண்டும் வாங்க வேண்டும். ஒரு சாண் நீளமுள்ள லேசான பலகையின் பின்பக்கத்தில் இருபுறமும் மோட்டார்களைப் பொருத்தவும். முன்பக்கம் தரையில் வழுக்கிச் செல்ல ஒரு பாட்டில் மூடியைக் கவிழ்த்து ஒட்டினால் போதும். தகடுகளை முன்பக்கத்தில், ஒன்று இடப்புறமும் மற்றது வலப்புறமும் பார்க்கும்படி சாய்த்து நிறுத்தவும்.

இனி ஒயர் இணைப்பு. இடத் தகட்டை வல மோட்டாருடனும், வலத் தகட்டை இட மோட்டாருடனும் மாற்றி இணைக்க வேண்டும். சூட்சுமம் இதில்தான் இருக்கிறது. இடப்புறம் வெயில் அதிகம் பட்டால் வலச் சக்கரம் வேகமாகச் சுழன்று, வண்டி இடப்புறம், அதாவது வெயில் பக்கம் திரும்பும். சக்கரம் பின்னோக்கிச் சுழன்றால் அந்த மோட்டாரின் இரு ஒயர்களையும் இடம் மாற்றினால் சரியாகும்.

காப்பி உலர்த்தும் களத்தில், காலை 9 மணி வெயிலில் ஓட்டிப் பார்க்கலாம். மஞ்சு மூடினால் வண்டி நின்றுவிடும். அடுத்து, ஒரு தகட்டில் உள்ள பல செல்களில் ஒன்று மட்டும் முழுதும் மறையும்படி ஒரு காப்பி இலையை வைக்கவும். மற்ற செல்களில் நல்ல வெயில் பட்டாலும் அந்தச் சக்கரம் தளர்ந்துவிடும், அல்லது நின்றேவிடும். செல்கள் சங்கிலிபோல் தொடராக இணைக்கப்பட்டிருப்பதே காரணம். வாய்க்காலில் ஓரிடம் அடைத்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் போகாதல்லவா? பம்ப்செட்டின் பெரிய தகடுகளில் உள்ள பைபாஸ் டயோடு இந்த இழப்பைக் குறைக்குமே தவிர, அடியோடு தடுக்காது. அந்தத் தகடுகளின் ஒயர்களில் பிள்ளைகள் கை வைக்கக்கூடாது. மின்னழுத்தம் மிக அதிகம்.

ஏற்காட்டுத் தோட்டங்களில் சில்வர் ஓக் மர நிழல்தான் தொல்லை. டிசம்பர் பிற்பகுதியில் நண்பகல் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். சமதளத்தில் 60 அடி மரத்தின் நிழல் அப்போது வடக்கே சுமார் 42 அடி விழும்; காலை, மாலையில் இன்னும் நீளும். மே மாதத்தில் பார்த்துவிட்டு இடம் குறிப்பவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

அதற்காகத் தோட்டத்து மரங்களை வெட்டுவதும் தவறு. அராபிகா காப்பியைத் தாக்கும் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வண்டும் வெயிலை நாடுவதே. நிழல் குறைந்து வெயில் படும் தண்டுகளில்தான் அது அதிகம் முட்டையிடுகிறது. ஆகவே தகடுகளைத் தோட்டத்துக்கு வெளியே, களத்தின் ஓரத்திலோ பாறைத் திட்டிலோ, தெற்கு நோக்கி சுமார் 12 டிகிரி சாய்வில் அமைப்பது நல்லது. கிணற்றிலிருந்து கேபிள் சற்று நீளும், செலவும் கூடும். டிசம்பரில் ஒரு நாள் காலை 9, நண்பகல் 12, மாலை 3 மணிக்கு நிழல் எட்டும் இடங்களில் முளைக்குச்சி அடித்துவிட்டு, அதன்பின் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்துக்குச் சென்று விண்ணப்பிக்கலாம்.