பிடித்துவிட இத்தனை படிப்பா?

"மசாஜ் படிக்கப் போறன்" என்று பிள்ளை சொன்னதும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "உதுக்கு ஏன் கொலிஜ்?" என்பதுதான். ஸ்காபரோ, மார்க்கம் பக்கத்துத் தமிழ் வீடுகளில் இது எனக்குப் பழகிப்போன கேள்வி. வேலையிடத்துக் காப்புறுதி பணம் தருவதால் ஆர்எம்டி எனப்படும் பதிவுபெற்ற மசாஜ் சிகிச்சையாளரிடம் ஒருமுறையாவது போய்வராதவர்கள் இங்கே குறைவு. ஆனால் முதுகில் கை வைக்கிற அந்த ஆள் என்னென்ன படித்துவிட்டு வந்திருக்கிறார் என்று கேட்டால் பலரும் விழிப்பார்கள்.

நான் ஒன்ராறியோவில் பதிவுபெற்ற மசாஜ் சிகிச்சையாளர். மாணவர் கிளினிக் ஒன்றில் மேற்பார்வையும் பார்க்கிறேன். குறைந்த கட்டணத்தில் பொதுமக்கள் வருவார்கள், மாணவர்கள் சிகிச்சை செய்வார்கள், ஆசிரியர் பக்கத்திலேயே இருப்பார். அங்கே வருவோரும் பெற்றோரும், சில நேரம் மாணவர்களுமே, உறுதியாக நம்பிச் சொல்லும் விஷயங்கள் சில உண்டு. பல தவறானவை, ஒன்றிரண்டு ஆபத்தானவை. இந்தப் படிப்பின் பெரும்பகுதி, கை வைப்பதற்கு முன் என்ன கேட்க வேண்டும், எப்போது கையை எடுத்துவிட வேண்டும் என்பதிலேயே போகிறது. வெளியே யாருக்கும் அது தெரிவதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

"கைப்பலம் இருந்தால் காணும்"

காணாது. ஒன்ராறியோவில் இந்தப் படிப்பு ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று ஆண்டுகள். அதை முடித்துத் தேர்விலும் தேறினால்தான் பதிவு. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் கணக்கு மாறும்: டெக்சஸ் 500 மணி நேரப் பயிற்சி கேட்கிறது, நியூயோர்க் 1,000. அங்கே பெரும்பாலான மாநிலங்கள் ஏற்கும் எம்பிளெக்ஸ் தேர்வில் 100 கேள்விகள். அதில் உடற்கூற்றியல், உடலியங்கியல் பகுதிக்கு 11 சதவீதம்; நெறிமுறை, எல்லைகள், சட்டம் ஆகியவற்றுக்கு 16 சதவீதம். எது முக்கியம் என்று அந்தத் தொழில் நினைக்கிறது என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடும்.

கை கற்றுக்கொள்ளும் பாடம் எப்படி இருக்கும் என்பதற்கு ஒன்றைச் சொல்கிறேன். நாள் முழுதும் கணினி முன் குனிந்திருப்பவர்கள் கழுத்தும் தோளும் சேரும் இடத்தைத் தொட்டு "இதில நோகுது" என்பார்கள். அங்கே மேலே அகன்ற தசை ஒன்று படர்ந்திருக்கிறது. அதன் அடியில், கழுத்தின் மேல் நான்கு முள்ளெலும்புகளிலிருந்து இறங்கித் தோள்பட்டை எலும்பின் மேல்மூலையில் வந்து பற்றும் ஒடுங்கிய தசை இன்னொன்று. நோ எதில் என்று கண்டுபிடிக்க இரண்டையும் பிரித்தறிய வேண்டும். பயிற்சியில் மாணவர்கள் ஒருவர் முதுகில் ஒருவர் கழுவினால் போய்விடும் பென்சிலால் இந்தத் தசைகளை வரைகிறார்கள். பிறகு படுத்திருப்பவரின் கையை மடக்கி இடுப்புக்குப் பின்னால் வைக்கச் சொல்வார்கள். மேல்தசை தளர்ந்துவிடும். அப்போது தோளைச் சிறிதாக, விட்டுவிட்டு உயர்த்தச் சொன்னால் அடியில் இருப்பது மட்டும் விரலுக்குக் கீழே கயிறு போல விறைத்து எழும். முதன்முறை அதைத் தொட்டறிந்த மாணவரின் முகத்தைப் பார்க்க வேண்டும்! அதன்பிறகு ஒருவர் "இதில நோகுது" என்றால் அவர் கண்ணை மூடிக்கொண்டு பிசையமாட்டார்.

பலத்தைப் பொறுத்தவரை, அது கையிலிருந்து வரக்கூடாது என்பதே முதல் பாடம். மேசையின் உயரத்தைச் சரிசெய்து, ஒரு காலை முன்வைத்து, உடல் எடையைச் சாய்த்து அழுத்தப் பழக வேண்டும். பெருவிரலை நம்பி உழைத்தவர்கள் அதன் அடிமூட்டு தேய்ந்து தொழிலையே விட்டிருக்கிறார்கள்.

"ஊரில் பரியாரியார் என்ன படித்தா செய்தார்?"

படித்துத்தான் செய்தார். குருவிடம் இருந்து ஆண்டுக்கணக்காகப் பழகினார். சித்த மருத்துவத்தின் 32 புற மருத்துவ முறைகளில் தொக்கணம் ஒன்று. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என அதற்கு ஒன்பது வகை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சித்த மருத்துவ மாணவர்கள் கைதடியில் படிப்பது பட்டப்படிப்பு. ஊர் மருத்துவத்தை மதிக்கிறவர்கள், அதற்குப் படிப்பே தேவையில்லை என்று சொல்லி அதைச் சிறுமைப்படுத்தக்கூடாது.

மேற்கில் கற்பிக்கும் சுவீடிஷ் மசாஜுக்கும் இப்படி ஒரு கதை ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1813இல் ஸ்ரொக்ஹோமில் உடற்பயிற்சி நிறுவனத்தைத் தொடங்கிய லிங் அதைக் கண்டுபிடித்தார் என்று இன்னும் பலர் எழுதுகிறார்கள். ஆனால் தடவல், பிசைதல், உராய்வு, தட்டல் என்று மாணவர்கள் கற்கும் அடிப்படை அசைவுகளுக்கு இன்றைய பிரெஞ்சுப் பெயர்கள் நிலைக்கக் காரணமாகச் சொல்லப்படுபவர் மெட்ஸ்கர் என்ற ஒல்லாந்து மருத்துவர்.

"நோக நோக அமத்தினால்தான் பலன்"

கிளினிக்கில் அதிகம் காதில் விழுவது இதுதான். ஒருநாள் எழுபது தாண்டிய அம்மா ஒருவர் வந்தார். "நல்லா அமத்து பிள்ளை, எனக்கு நோகாது" என்றார் மாணவியிடம். மாணவி கையில் எண்ணெயை எடுக்கவில்லை. படிவத்தில் மருந்துகளுக்கான இடம் வெறுமையாக இருந்ததைப் பார்த்துவிட்டு, "அன்ரி, இரத்தம் இளக்கிற குளிசை ஏதும் எடுக்கிறீங்களோ?" என்று கேட்டாள். "அது இருதயத்துக்குத்தானே, முதுகுக்கு அதைச் சொல்ல வேணுமோ?" என்றார் அவர். வார்பரின். அந்த மருந்து எடுப்பவருக்கு ஆழமாக அழுத்தினால் தசைக்குள் இரத்தம் கசிந்து கண்டிப்போகலாம். மேலும் கேட்டதில் எலும்புத் தேய்வுக்கு ஊசி போடுவதும் தெரிந்தது. அப்படிப்பட்டவரின் விலாவில் முழங்கையை வைத்துச் சாய்ந்தால் எலும்பு முறியக்கூடும். மாணவி மென்மையாகத்தான் செய்தாள். அந்த அம்மாவுக்கு அன்று முழுத் திருப்தி இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் மாணவி செய்ததே சரி.

உடல்நலத்தோடு இருப்பவருக்கும் அதிக வலி உதவாது. வலித்தால் தசை தன்னைக் காத்துக்கொள்ள இறுகும். தளர்த்த வந்த கையே அதை இறுக்கிவிடும். அளவுமீறிய அழுத்தத்தால் தசைநார்கள் சிதைந்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தைப் பாதித்த நோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. அரிதுதான், ஆனாலும் உண்டு. அதனால்தான் மாணவர்கள் சிகிச்சை நடுவிலும் "பத்துக்கு எத்தனை நோகுது?" என்று கேட்டுக்கொண்டே இருக்கப் பழகுகிறார்கள்.

"உடம்பில் இருக்கிற நஞ்சு எல்லாம் வெளியேறிவிடும்"

எந்த நஞ்சு என்று கேட்டால் பதில் வராது. கழிவகற்றும் வேலையை ஈரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன. உடற்பயிற்சிக்குப் பிறகு தேங்கும் லக்ரிக் அமிலத்தை மசாஜ் கரைத்துவிடும் என்பதும் இதே வகை. அது மசாஜ் இல்லாமலே ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் அகன்றுவிடும். மறுநாள் வரும் தசைநோவுக்கு அது காரணமும் அல்ல. எங்கள் மாகாணத்திலேயே, கிங்ஸ்ரனிலுள்ள குயின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பயிற்சி முடித்த முன்கைத் தசையை மசாஜ் செய்து அளந்து பார்த்தார்கள். 2010இல் வெளியான அந்த ஆய்வில் இரத்த ஓட்டமும் அமிலம் அகல்வதும் குறைந்துதான் போயிருந்தன. மசாஜ் முடிந்து தண்ணீர் குடிப்பது நல்லதுதான், தாகம் இருந்தால்.

"கால் வீங்கியிருக்கு, கொஞ்சம் உருவிவிடு"

இதைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் எனக்குப் போதாது. கொழும்புக்கோ சென்னைக்கோ போய்த் திரும்புகிறவர்கள் பயணத்தில் பல மணி நேரம் ஒரே இருக்கையில் முடங்கியிருக்கிறார்கள். வந்த சில நாட்களில் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, தொட்டால் நோவதாக இருக்கும். வீட்டில் நல்லெண்ணெய் எடுத்து உருவத் தொடங்கிவிடுவார்கள். உள்ளே ஆழமான நாளத்தில் இரத்தம் உறைந்து கட்டியாகியிருந்தால், உருவுகிற கை அதைப் பெயர்த்து நுரையீரலுக்கு அனுப்பிவிடலாம். அது உயிரைப் பறிக்கும்.

சத்திரசிகிச்சைக்குப் பிறகும், கர்ப்பகாலத்திலும், பிள்ளை பெற்ற வாரங்களிலும், புற்றுநோய் உள்ளபோதும், ஹோர்மோன் குளிசை எடுக்கையிலும், கால் முறிந்து மாவுக்கட்டில் இருக்கையிலும் இந்த ஆபத்து கூடுகிறது. மாணவர்கள் இந்தப் பட்டியலைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்ல வேண்டும். பாதத்தை மேலே மடக்கி கெண்டைக்கால் நோகிறதா என்று பார்க்கும் பழைய பரிசோதனையை நம்பி முடிவெடுக்கக்கூடாது என்பதும் பாடத்தில் உண்டு. கட்டி இருந்தும் நோகாமல் போகலாம், இல்லாமலும் நோகலாம். சந்தேகம் வந்தால் மசாஜ் இல்லை, அன்றே அவசர சிகிச்சைப் பிரிவு. வந்தவர் கோபித்தாலும், "காப்புறுதி இந்த மாதத்தோடு முடியுது" என்று சொன்னாலும் மாணவர் கை வைக்கக்கூடாது. காசும் நேரமும் கொடுத்து வந்த ஒருவருக்கு முகத்துக்கு நேரே மறுப்புச் சொல்வது இருபது வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு கடினம் என்பதை நான் பார்க்கிறேன். அதையும் பயிற்றுவிக்க வேண்டியிருக்கிறது.

"புற்றுநோய்க்காரரையும் கர்ப்பிணியையும் தொடவே கூடாது"

இது எதிர்ப்பக்கத்துத் தவறு. முன்பு பாடப்புத்தகங்களே, மசாஜ் இரத்த ஓட்டத்தைக் கூட்டிப் புற்றுநோயைப் பரப்பும் என்று பயமுறுத்தின. அதற்குச் சான்று இல்லை. நடந்தாலும் படியேறினாலும் இரத்த ஓட்டம் கூடத்தான் செய்கிறது. இன்று மாணவர்கள் கற்பது, செய்யலாமா என்பதைவிட எப்படி மாற்றிச் செய்வது என்பதை. கட்டி உள்ள இடத்தில் அழுத்தம் இல்லை. கதிர்வீச்சுப் பட்ட தோலில் கை இல்லை. நிணநீர்க் கணு அகற்றிய பக்கத்துக் கையில் வலுவான அழுத்தம் கூடாது, அந்தக் கை வீங்கிவிடலாம். இரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் வெறும் தடவல்தான். கீமோ சிகிச்சையில் களைத்துப் போனவர், ஊசி ஏற்றாத, ஒன்றையும் சோதிக்காத ஒரு கை தன்மேல் படுகிறதே என்று கண்ணீர் விட்டதை நான் கண்டிருக்கிறேன். அப்படிப்பட்டவரைப் பயத்தால் திருப்பி அனுப்பியிருக்கிறோமே என்று நினைக்க எனக்கு மனம் தாங்குவதில்லை.

கர்ப்பிணியைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, வயிற்றுக்கும் முழங்கால்களுக்கிடையிலும் தலையணை வைத்துச் செய்யலாம். மாதம் ஏறியபின் நீண்டநேரம் மல்லாந்து படுத்தால் கருப்பை பெருநாளத்தை அழுத்தித் தலைசுற்றல் வரும். கணுக்காலில் அழுத்தினால் கரு கலைந்துவிடும் என்ற பேச்சுக்கு நல்ல ஆதாரம் இல்லை. கடும் தலைவலி, கண் மங்கல், திடீரென முகமும் கையும் வீங்குதல் ஆகியவை தெரிந்தால் மசாஜை விட்டுவிட்டு உடனே மருத்துவரிடம் அனுப்பக் கற்கிறார்கள்.

"மசாஜ் தொழில் என்றால் ஒரு மாதிரி"

பெற்றோர் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை. "பெட்டைப்பிள்ளைக்குச் சரிவராது" என்று நிறுத்திக்கொள்வார்கள். அவர்கள் அறியாதது, இந்தப் படிப்பில் எல்லைகளைப் பற்றிய பாடம் எவ்வளவு கண்டிப்பானது என்பதை. மேசையில் படுப்பவர் மேல் எப்போதும் விரிப்பு இருக்கும். சிகிச்சை செய்யும் பகுதி மட்டும் திறக்கப்பட்டு, முடிந்ததும் மூடப்படும். எந்த இடத்தில், எதற்காக, என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லிச் சம்மதம் பெற வேண்டும். பிட்டம், உள்தொடை, மார்பு போன்ற இடங்களில் சிகிச்சை தேவைப்பட்டால் எழுத்தில் சம்மதம் வேண்டும். தந்த சம்மதத்தை எந்த நிமிடமும் திரும்பப் பெறலாம்.

நோயாளியோடு பாலுறவு வைத்தால், அவர் விரும்பினாலும், ஒன்ராறியோ சட்டப்படி அது துஷ்பிரயோகம். பதிவு போய்விடும், ஐந்து ஆண்டுகள் கழியும்வரை மீண்டும் விண்ணப்பிக்கவே முடியாது. இதன் விளைவு வகுப்பில் எல்லோரையும் நிமிர வைக்கும்: மசாஜ் சிகிச்சையாளர் தன் கணவனையோ மனைவியையோ நோயாளியாக எடுக்க முடியாது. சிரிப்பார்கள், பிறகு ஏன் என்று கேட்பார்கள். மேசையில் படுத்திருப்பவர், கை வைப்பவரைவிட எப்போதும் பலவீனமான நிலையில் இருக்கிறார் என்பதுதான் அந்தச் சட்டத்தின் அடிப்படை. அதே எல்லை சிகிச்சையாளரையும் காக்கிறது. தகாத பேச்சோ கோரிக்கையோ வந்தால் சிகிச்சையை அந்த இடத்திலேயே நிறுத்தி அறையைவிட்டு வெளியேறும் உரிமை அவருக்கு உண்டு. வகுப்பில் அதை நடித்தே பழக்குகிறோம்.

"மசாஜ் எல்லாவற்றையும் சுகப்படுத்தும்"

இடுப்புநோவு பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வந்த கொக்ரேன் மதிப்பாய்வு, குறுகிய காலத்துக்கு நோவு குறையலாம், ஆனால் சான்றின் தரம் குறைவு என்றது. மாணவர்கள் இத்தகைய ஆய்வுகளை வாசித்து, நோயாளியிடம் அளவாகப் பேசப் பழக வேண்டும். "ஆறு முறை வந்தால் டிஸ்க் சரியாகிவிடும்" என்று யாராவது உறுதி தந்தால் அது படிப்பு தந்த உறுதி அல்ல.

படித்தவர்தானா என்று சரிபார்க்கவும் வழி உண்டு. ஒன்ராறியோவில் "மசாஜ் தெரப்பிஸ்ட்" என்ற பட்டம் 1991ஆம் ஆண்டுச் சட்டத்தால் காக்கப்பட்டது. பதிவில்லாதவர் அதைப் போட்டுக்கொள்ள முடியாது. பதிவுபெற்றவர்களின் பட்டியல் இந்தத் தொழிலை ஒழுங்குபடுத்தும் அமைப்பின் இணையதளத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. பெயரை இட்டுத் தேடினால் பதிவு நடப்பில் உள்ளதா, ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா என்பது தெரியும். முதல்முறை போகும்போது எடுக்கிற குளிசைகளின் பெயர்களை ஒரு துண்டில் எழுதிக் கொண்டுபோங்கள், இருதயத்துக்கானதையும் சேர்த்து.