தொட்டியில் ஒரு தேசிமரம்

ரொறன்ரோவில் நம்மவர் பலர் தேசிக்காய் விதையைத் தொட்டியில் ஊன்றி, இலையை மட்டுமே கண்டு சலித்துள்ளனர். நாமும் ஆறு ஆண்டுகள் காத்திருந்தோம். விதைக்கன்று பூக்கப் பல்லாண்டு செல்லும். ஒட்டுக்கன்றோ இரண்டொரு ஆண்டிலேயே பூக்கும். மேயர் எலுமிச்சை தொட்டிக்கு மிக ஏற்றது.

குளிர்காலத்தில் இலை உதிர்வதேன்? யன்னல் வெயிலில் இலை சூடேறுகிறது. குளிர்ந்த தரையிலோ வேர் உறங்குகிறது. இலை கேட்கும் நீரை அதனால் ஈய இயலாது. வாட்டங்கண்டு மேலும் நீரூற்றினால் வேர் அழுகும். எமது ஆறாண்டுக் கன்று அவ்வாறே மடிந்தது. தொட்டியைத் தரையினின்று உயர்த்தி வைத்தல் நன்று.

வீட்டினுள் தேனீ ஏது? மாணவர்களே, மென்தூரிகையால் மகரந்தத்தைத் தொட்டு, பூவின் நடுவிலுள்ள சூலகமுடியில் தடவுங்கள். பிஞ்சுகள் பல உதிரும்; அஞ்ச வேண்டா. எஞ்சியவை பழுக்க ஆறு முதல் ஒன்பது மாதங்கள் ஆகும்.